மகள் எழுதிக்கொடுத்த போர்ட்ஃபோலியோ: கெயார் ஹோம் பணியாளர் ஒருவரின் லெவல் 2 டிப்ளோமா பற்றிய நிகழ்வு ஆய்வு

லண்டனின் வடமேற்கில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்த ஒருவரை, லெவல் 2 டிப்ளோமா என்ற பராமரிப்புத் தொழில் தகுதிக்காக 2022 செப்டம்பரிலிருந்து 2023 நவம்பர் வரை மதிப்பிட்டேன். ஒன்பது மாதத்தில் முடியும் என்று திட்டமிட்டது பதினான்கு மாதம் இழுத்தது. அதில் பாதித் தாமதத்துக்கு நான்தான் காரணம். இதே வேலையைச் செய்யும் மற்ற அசெசர்களுக்கும், இந்தத் தகுதியைப் படிக்க நினைக்கும் நம் ஆட்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதி இருக்கிறது. அவரையோ இல்லத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அவருக்கு வயது 52. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். (உயர்தரம்) வரை படித்தவர். 2011இல் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அவரைச் சந்தித்தபோது பதினொரு வருட அனுபவம் இருந்தது, கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லை.

அது எப்படி என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் கெயாரராக வேலை செய்ய இன்ன தகுதி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஸ்கொட்லாந்தில் பணியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவோடு தகுதியும் வேண்டும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஒரு காலத்தில் நெருக்குதல் இருந்தது. 2000ஆம் ஆண்டுப் பராமரிப்புத் தரச் சட்டத்தின் கீழ் வந்த குறைந்தபட்சத் தரங்கள், ஒவ்வொரு இல்லத்திலும் பாதிப் பணியாளர்களாவது 2005க்குள் என்.வி.கியூ (தேசியத் தொழிற்தகுதி) லெவல் 2 பெற்றிருக்க வேண்டும் என்றன. அந்த வருடங்களில் நம் பெண்கள் பலர் இல்லம் அனுப்பியே என்.வி.கியூ முடித்தார்கள். 2010 ஒக்டோபரில் அந்தத் தரங்கள் போய்ப் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. பணியாளருக்குத் தகுந்த பயிற்சி வேண்டும் என்று அவையும் சொல்கின்றன, ஆனால் பாதிப் பேர் என்ற கணக்கு போய்விட்டது. இவர் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம்.

பிறகு 2015 ஏப்ரலில் கெயார் சேர்ட்டிபிகேட் வந்தது. மிட் ஸ்டாஃபோர்ட்ஷியர் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது பற்றிய விசாரணை அறிக்கையும், அதைத் தொடர்ந்து பராமரிப்புப் பணியாளர்களின் பயிற்சி பற்றி 2013இல் வந்த கவெண்டிஷ் மீளாய்வும்தான் அதற்கு வழி செய்தன. அப்போது அதில் பதினைந்து தரங்கள் இருந்தன. ஆனால் அது புதிதாகச் சேருகிறவர்களுக்கானது. இவர் அப்போதே நான்கு வருடம் வேலை செய்தவர், ஆகவே அவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றுபோன ஆள் என்று சொல்லலாம். இப்படி நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வேலையில் கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள்.

2022இல் இல்லத்தின் மனேஜர், இரவு ஷிஃப்டுக்குப் பொறுப்பாக நிற்பவர்களுக்குக் குறைந்தது லெவல் 2 வேண்டும் என்று முடிவெடுத்தார். இவருக்கு அந்தப் பொறுப்பு வேண்டியிருந்தது. சேர்ந்தார்.

டிப்ளோமா எப்படி நடக்கும்

லெவல் 2 டிப்ளோமாவுக்கு 46 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளி) வேண்டும். பரீட்சை இல்லை. பாதுகாப்பு, தொடர்பாடல், கடமைப்பொறுப்பு (பராமரிக்கப்படுகிறவருக்குத் தீங்கு வராமல் பார்க்கும் கடமை), ஆளை மையமாக வைத்த பராமரிப்பு என்று அலகுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சான்று சேர்த்து ஒரு போர்ட்ஃபோலியோ ஆக்க வேண்டும். செய்து காட்ட வேண்டியதை அசெசர் வேலைத்தலத்திலேயே நின்று பார்ப்பார். தெரிந்திருக்க வேண்டியதை எழுதியும் காட்டலாம், வாயால் சொல்லியும் காட்டலாம். இந்த இரண்டாவது வழி இருப்பது பலருக்குத் தெரியாது. அசெசர்களே சொல்வதில்லை. எழுதினால் பார்ப்பது சுலபம், கோப்பில் வைப்பதும் சுலபம். பேச்சைப் பதிவுசெய்தால் முழுவதையும் கேட்டு, எந்த நிமிடத்தில் எதைச் சொன்னார் என்று குறிக்க வேண்டும்.

சான்று எதுவானாலும் அவருடையதாக இருக்க வேண்டும். அசெசர் பயிற்சியில் முதலில் படிப்பது இதைத்தான்.

முதல் நான்கு மாதங்கள்

செப்டம்பரில் ஒரு மணி நேரம் சந்தித்தோம். நான் ஆங்கிலத்தில் தொடங்க, அவர் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். மிச்ச நேரமெல்லாம் தமிழில்தான் கதைத்தோம். அவருடைய ஆங்கிலம் எந்த அளவு என்று பார்க்கவே இல்லை. என்னுடைய முதல் பிழை அது. எங்கள் ஆள் என்ற நெருக்கத்தில், எல்லோரிடமும் செய்கிற ஆரம்ப மதிப்பீட்டை இவரிடம் செய்யாமல் விட்டேன்.

ஒக்டோபரில் ஒரு நாள் மதிய ஷிஃப்டில் அவரைப் பார்த்தேன். ஹொய்ஸ்ட் என்ற தூக்கும் இயந்திரத்தை வைத்து ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார்கள். இவர் முதலில் ஆளைத் தாங்கும் பட்டியின் அளவைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தில் ஒட்டியிருந்த பரிசோதனைத் திகதியைப் பார்த்தார். ஆளைத் தூக்கும் கருவியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்பது விதி, அந்த ஒட்டியைப் பார்க்கும் கெயாரர்கள் குறைவு. தூக்கும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போது மேலே போகப் போகிறீர்கள், நான் இங்கேதான் நிற்கிறேன்" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவின் முகம் சாந்தமாக இருந்தது. அவர் சொன்னவற்றை அப்படியே என் குறிப்பில் எழுதினேன்.

நவம்பரிலும் டிசம்பரிலும் எழுத்து வேலை வந்தது. துஷ்பிரயோகத்தைத் தடுப்பது பற்றியும் கடமைப்பொறுப்பு பற்றியும் நல்ல ஆங்கிலத்தில், பந்தி பிரித்து எழுதப்பட்டிருந்தது. அப்போது என் பொறுப்பில் இருபத்துநான்கு பேர். வாசித்தேன், சந்தோஷப்பட்டேன், இரண்டு அலகுக்கும் கையெழுத்து வைத்தேன்.

என்ன தெரியவந்தது

ஜனவரியில் எங்கள் மதிப்பீட்டு மையத்தில் அசெசர்களின் வேலையைப் பார்க்கும் தரச் சரிபார்ப்பாளர் மாதிரிக்கு எடுத்த கோப்புகளில் இவருடையதும் ஒன்று. அவர் என் பார்வைக் குறிப்பையும் எழுத்து வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இரண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார். ஹொய்ஸ்ட் பக்கத்தில் நின்று பேசியவரின் வாக்கியங்களையும், கடமைப்பொறுப்பு பற்றி எழுதியவரின் வாக்கியங்களையும் வைத்துப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்வி வரும். எனக்கு வராமல் போனதுதான் பிரச்சினை.

அடுத்த வாரம் இல்லத்துக்குப் போனேன். அவர் எழுதியதில் ஒரு பந்தியைக் காட்டி, "அக்கா, இதில 'விசில்புளோயிங்' எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது என்ன எண்டு எனக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது பிள்ளை எழுதினது தங்கச்சி. எனக்கு அந்தச் சொல் தெரியாது" என்றார். மகளுக்குப் பதினேழு வயது. இரவில் தன் பாடங்களை முடித்துவிட்டு அம்மாவுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாள். கேள்வியை அம்மாவுக்குப் படித்துச் சொல்லி, அம்மா தமிழில் சொல்வதைக் கேட்டு, அப்புறம் இணையத்தில் பார்த்து நிரப்பியிருக்கிறாள். இவர் என்னிடம் முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "என்ர பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" என்றுதான்.

வராது என்றேன். விசில்புளோயிங் என்பது வேலையிடத்தில் நடக்கும் பிழையை மேலிடத்துக்குத் தெரிவிப்பது. பிறகு கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர் பிழையாக ஏதும் செய்வதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?

"செய்தனான்" என்றார். மூன்று வருடத்துக்கு முன் இரவு ஷிஃப்டில் ஒருவர், அடிக்கடி மணி அடிக்கிற இரண்டு பேரின் அழைப்பு மணியைக் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்துவிடுவாராம். இவர் காலையில் வரும்போது இரண்டு நாள் அதைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் நேராக மனேஜரிடம் போய்ச் சொல்லி, நேரத்தையும் அறை இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். விசாரணை நடந்தது. அந்த ஆள் வேலையை விட்டுப் போனார். ஷிஃப்டில் சிலர் இவரோடு பல மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சொல் தெரியாத ஒருவர் காரியத்தைச் செய்திருக்கிறார். மகள் எழுதிய பந்தியில் சொல்லும் அதன் வரைவிலக்கணமும் மட்டுமே இருந்தன. நான் கையெழுத்து வைத்தது அந்தப் பந்திக்கு. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதுதான் என்னை அரித்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மையத்தின் முறைகேட்டு விதிப்படி விசாரணை திறந்தோம். தகுதி வழங்கும் அமைப்புக்கும் அறிவித்தோம். மறைத்திருந்தால் பிறகு அவருடைய சான்றிதழே செல்லாமல் போயிருக்கும், ஆகவே இதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மூன்று வழிகள் பேசப்பட்டன. அவரை நீக்கிவிடுவது முதலாவது. அதே எழுத்து வேலையைத் தானே மீண்டும் எழுதச் சொல்வது இரண்டாவது. இரண்டு அலகையும் ரத்துசெய்துவிட்டு, எழுத்தை விட்டு வேறு சான்றால் திரும்ப மதிப்பிடுவது மூன்றாவது. விசாரித்தவர், மாணவரிடம் ஏமாற்றும் நோக்கத்தை விட வழி தெரியாமையே அதிகம் என்று கண்டார். எந்த உதவி சரி, எந்த உதவி பிழை என்று நான் அவருக்கு ஒரு நாளும் விளக்கவில்லை என்பதும் அறிக்கையில் பதிவானது. மூன்றாவது வழி முடிவானது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். அது நியாயம்.

சான்றை இப்படிச் சேர்த்தோம். முதலில், பதிவுசெய்த உரையாடல். எழுதப்பட்ட கேள்விகளை விட்டுவிட்டு, அவருடைய ஷிஃப்டில் நடந்தவற்றிலிருந்தே கேட்பது. அழைப்பு மணிக் கதை அப்படித்தான் ஒலிப்பதிவில் வந்தது. மனேஜரும் அதை உறுதிசெய்து சாட்சிக் குறிப்பு எழுதினார்.

அடுத்தது அவருடைய தினப் பதிவுகள். இதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அவரே ஆங்கிலத்தில் எழுதுவது: "பாதிச் சாப்பாடு. 150 மி.லி. குடித்தார். இடது குதிகால் சிவப்பு. நர்ஸிடம் சொன்னேன்." இலக்கணம் பிழையாக இருக்கும், ஆனால் அடுத்த ஷிஃப்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். குதிகால் சிவப்பது படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி. அதை அன்றே எழுதி, அன்றே சொல்லியிருக்கிறார். குடியிருப்பவர்களின் அந்தரங்கம் என்பதால் பிரதி எடுக்காமல், இல்லத்திலேயே வைத்துப் பார்த்து, எந்தத் திகதிப் பதிவைப் பார்த்தேன் என்று மட்டும் என் குறிப்பில் எழுதினேன்.

உரையாடலைத் தமிழில் நடத்தலாமா என்று கேட்டேன். மதிப்பீடு ஆங்கிலத்தில்தான் என்று பதில் வந்தது. முதலில் எனக்குக் கோபம். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஷிஃப்ட் மாறும்போது செய்யும் கைமாற்றுப் பேச்சு, அவசர உதவிக்கு 999க்கு அடிக்கும் தொலைபேசி, இரவில் பயந்து எழும்புகிறவரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில்தான். கேள்வியின் பொருளை முன்கூட்டியே தமிழில் விளக்கினேன், பதிலை ஆங்கிலத்தில் எடுத்தேன். பதில் குறையாக இருந்தால் இலக்கணத்தைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்தேன்.

சட்டைப் பொத்தான்

மார்ச்சில் காலை ஷிஃப்டில் பார்வைக்குப் போனேன். இனி எல்லாம் சுகமாக முடியும் என்று நினைத்திருந்தேன்.

அவர் கவனித்தது பக்கவாதம் வந்த 84 வயதுக்காரர். வலது கை பலவீனம், இடது கை நன்றாக வேலை செய்யும். இவர் கதவைத் தட்டினார், திரையை மூடினார், தண்ணீரின் சூட்டைப் பார்த்தார், எந்தச் சட்டை என்று கேட்டார். பிறகு முகம் கழுவினார், துடைத்தார், சட்டை போட்டார், பொத்தான் எல்லாம் பூட்டினார், காலுறை போட்டார், தலை சீவினார். பன்னிரண்டு நிமிடம். பெரியவர் பொம்மை மாதிரி இருந்தார். எல்லாம் மென்மையாக நடந்தது. ஒரு தகப்பனைக் கவனிப்பது மாதிரி இருந்தது.

வெளியே வந்து, அவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் கெயார் பிளானைத் திறந்தேன். துவாயை இடது கையில் கொடுத்து முகத்தைத் தானே கழுவச் சொல்லவும், மேல் மூன்று பொத்தானைத் தானே பூட்ட விடவும் என்று ஆறு வாரத்துக்கு முன்பே சிகிச்சையாளர் எழுதியிருந்தார். குடியிருப்பவர் தன்னால் முடிந்ததைத் தானே செய்யத் துணை நிற்பது இந்த டிப்ளோமாவில் மதிப்பிடப்படும் விஷயம். நான் "இன்னும் எட்டவில்லை" என்று எழுத வேண்டியிருந்தது.

அவர் அழுதுவிட்டார். "வயசுபோன மனுசனைப் பொத்தான் பூட்ட விட்டுட்டு நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? எங்கட அப்பாவெண்டா அப்பிடிச் செய்வமோ?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். பெரியவர்களைக் கையால் ஒன்றும் செய்ய விடாமல் பார்ப்பதே மரியாதை என்று எங்கள் வீடுகளில் நினைப்பு. பதினொரு வருடமாக அந்த மரியாதையை அவர் வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கும் செய்துவந்திருக்கிறார். அதில் அன்பு இருந்தது. ஆனால் பழகாத கை நாளடைவில் பூட்டவே மாட்டாது. அப்புறம் அந்த மனிதர் பொத்தானுக்கும் மணி அடித்துக் காத்திருக்க வேண்டும். இதைத்தான் அவரிடம் சொன்னேன். "அவருக்கு அந்தக் கை திரும்ப வரக்கூடும் அக்கா. நீங்கள் பூட்டிவிட்டா வராது."

இன்னொரு உண்மையையும் அவர் சொன்னார். காலைச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேராக எட்டுப் பேரைத் தயார்ப்படுத்த வேண்டும். பொத்தானுக்குக் காத்திருந்தால் எட்டாவது ஆள் ஈரத்தில் கிடப்பார். இது அவருடைய குறை என்று மட்டும் எழுதுவது சரியாக இருக்காது என்று பட்டது. மனேஜரிடம் போனேன். நல்ல மனுஷி, கேட்டார். பெரியவருக்கும் காலை எழும்ப அவசரம் இல்லை என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரை வரிசையில் கடைசிக்கு மாற்றினார்கள். இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது.

பிறகு நடந்தது

மே மாதம் திரும்பப் போனேன். துவாயை இடது கையில் கொடுத்தார். சட்டையைப் போட்டுவிட்டு, தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கை தானாகப் போய்விடும் என்பதால் அப்படி நிற்பதாகப் பிறகு சொன்னார். முதல் பொத்தானுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது கொஞ்சம் சீக்கிரம். மூன்றாவதில் பெரியவர் கையை எடுத்துவிட்டு, போதும் என்றார். இவர் "சரி" என்று சொல்லி அதைப் பூட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்வதும் அவருடைய தெரிவு, அதையும் மதிக்க வேண்டும் என்று ஒலிப்பதிவில் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நான் கேட்டபோது, "வடிவா யோசிக்கக்கூடிய ஆள், அவர்தான் முடிவெடுக்க வேணும்" என்ற பொருளில் சொன்னார். ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று நிறுவப்படும் வரை, முடியும் என்றே கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் முதல் கொள்கை. எட்டியது என்று எழுதினேன்.

ஓகஸ்டில் ஒரு தடங்கல் வந்தது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பானத்தை எவ்வளவு தடிப்பாக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 4 வரை உள்ள அளவுகோலில், லெவல் 2க்கும் 3க்கும் வித்தியாசம் கேட்டேன். குழம்பிவிட்டார். எந்தக் குடியிருப்பவருக்கு எத்தனை கரண்டி தடிப்பாக்கும் தூள் என்று மனப்பாடமாகத் தெரியும், ஏன் என்று தெரியாது. தகரத்தில் உள்ள கரண்டி மாறினால் பிழை வரும் என்பதால் இதை விடவில்லை. நர்ஸ் ஒருவர் சிரிஞ்சு வைத்துச் சொட்டும் வேகத்தைப் பார்க்கும் சோதனையைச் செய்துகாட்டினார். அடுத்த முறை இவரே எனக்குச் செய்துகாட்டினார்.

நவம்பரில் முடிந்தது. சான்றிதழ் தபாலில் வந்தது.

இரவுப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இடையில் லெவல் 3 முடித்த ஒருவர் வேறு இல்லத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். ஒன்பது மாதத்தில் முடித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடும். இதை அவர் ஒரு தடவையும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இப்போது புதிதாகச் சேருகிறவர்கள் கெயார் சேர்ட்டிபிகேட் செய்யும்போது அவர்களோடு ஷிஃப்டில் நின்று காட்டிக்கொடுப்பது இவர்தான். வியாழக்கிழமைகளில் கல்லூரியில் ஆங்கில வகுப்புக்கும் போகிறார். லெவல் 3 செய்ய வேண்டும் என்றால் எழுத வேண்டியது இன்னும் அதிகம், அதற்குப் பிறகுதான் சேருவேன் என்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

என்ன மாற வேண்டும்

என் முறையை மாற்றியிருக்கிறேன். மாணவர் தமிழர் என்றால் முதல் சந்திப்பில் பாதி நேரமாவது ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எந்த இடத்தில் தடுக்குகிறார் என்று தெரிந்தால்தான் எந்த வகைச் சான்று பொருந்தும் என்று அன்றே தீர்மானிக்க முடியும்.

வீட்டில் யார் உதவி செய்யலாம் என்பதை ஒரு தாளில் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறேன். கேள்வியைப் படித்துச் சொல்லலாம், சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். பதிலை எழுதிக் கொடுக்கக் கூடாது. அந்தத் தாளைப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று சொல்லியே கொடுக்கிறேன். பெரும்பாலும் அவர்கள்தான் இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

பார்வைக்குப் போகும் முன் கெயார் பிளானை வாசிக்கிறேன். அன்று நான் பிறகுதான் வாசித்தேன். முன்பே வாசித்திருந்தால், ஆறு வாரமாக ஒருவரும் அந்தப் பொத்தான் குறிப்பைப் பின்பற்றவில்லை என்பதை மனேஜரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். இவர் ஒருவர் மட்டும் அழ வேண்டி வந்திருக்காது.

வரிசை முறையில் எனக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் ஆரம்ப ஒப்பந்தத்தில் இல்லத்திடம் ஒன்று கேட்கிறேன்: மாணவர் படித்ததைச் செய்துபார்க்கக் காலை ஷிஃப்டில் ஒரு ஆளுக்காவது கூடுதல் நேரம். சில இல்லங்கள் சம்மதிக்கின்றன. சம்மதிக்காத இடத்தில் அதையும் என் பார்வைக் குறிப்பில் எழுதிவைக்கிறேன்.

முதல் எழுத்து வேலையை இப்போது ஐந்தாவது வாரத்துக்குப் பிறகுதான் கொடுக்கிறேன். அதற்கு முன், நேற்றைய ஷிஃப்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லிப் பதினைந்து நிமிடம் ஒலிப்பதிவு. யாருடைய கோப்பானாலும் அதில் முதலில் இருப்பது அந்தக் குரல்தான்.